புற்றுநோயாளருக்கு ஓய்வு மட்டும் போதுமா?

நம் நாட்டில் ஓர் இல்லத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், வீட்டார் முதற்கண் செய்வது அவரைக் கட்டிலில் இருத்துவதே. குடம் தூக்க வேண்டா, கடைக்குப் போக வேண்டா, படியேற வேண்டா என்று ஒவ்வொன்றாக விலக்குகின்றனர். குளிக்க ஒருவர் துணை, தண்ணீர் மொள்ள ஒருவர் துணை என்றாகிவிடுகின்றது. அன்பினின்று எழும் இவ்வழக்கத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வாராது. ஆயினும், தேவைக்கு மிஞ்சிய ஓய்வு நோயாளரின் தசையைக் கரைக்கின்றது என்பதும், தசை குறைந்தவர் சிகிச்சையைத் தாங்குவது அரிதாகின்றது என்பதும் இன்று மருத்துவ உலகம் அறிந்த செய்திகளாகும்.

இக்கட்டுரை மருத்துவமனை வல்லுநரை நோக்கி எழுதப்பட்டதன்று. நோயாளரை அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே காணும் ஆஷா பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர், நோய்தணிப்புப் பணியாளர், ஊரார் யோசனை கேட்டு வரும் பள்ளி ஆசிரியர் ஆகியோரை நோக்கியே எழுதப்படுகின்றது. "ஓய்வெடுத்துக் கொள்ளுங்கள்" என்று பழக்கத்தால் நாம் கூறிவரும் அறிவுரையை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாற்றம் உடல் மெலிந்த பின்னரன்று, நோயின் தொடக்கத்திலேயே நிகழ வேண்டும். இதுவே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து.

நோய்மெலிவு என்பது யாது?

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டோர் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர். இவர்களுள் பலர் நாளடைவில் மெலிகின்றனர். கணையம், இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரல், தலை, கழுத்து ஆகிய இடங்களில் நோயுற்றோரிடம் இது மிகுதி. மருத்துவர் இதனைக் 'கேக்கெக்சியா' என்பர். 'கெட்ட நிலை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களினின்று பிறந்த பெயர் அது. நாம் இதனை நோய்மெலிவு எனலாம்.

பட்டினியால் வரும் மெலிவும் இதுவும் ஒன்றல்ல. பட்டினி கிடப்பவனின் உடல் கொழுப்பைப் பெரிதும் செலவிட்டுத் தசையை இயன்றவரை காத்துக்கொள்ளும். உணவு கிடைத்தவுடன் தேறிவிடும். நோய்மெலிவிலோ தசையே கரைகின்றது. உணவை மட்டும் கூட்டுவதால் அது முற்றிலும் மீள்வதில்லை. 2011ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் கூடி வகுத்த இலக்கணமும் இதையே கூறுகின்றது. அவ்விலக்கணத்தின்படி, ஆறு மாதங்களில் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது நோய்மெலிவு. அஃதாவது, 60 கிலோ எடையுள்ளவர் 3 கிலோவுக்கு மேல் இழந்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். முன்னரே ஒல்லியாக உள்ளவருக்கு, அதாவது உயரத்திற்கு ஏற்ற எடைக் குறியீடு 20க்குக் கீழ் உள்ளவருக்கு, 2 பங்குக்கு மேற்பட்ட இழப்பே போதும். வயலிலும் வீட்டிலும் உழைத்துத் தேய்ந்த 45 கிலோ எடையுள்ள பெண்ணொருத்தி ஒரு கிலோ குறைந்தாலே அவள் இவ்வெல்லைக்குள் வந்துவிடுகின்றாள். "சற்று இளைத்திருக்கிறாள், அவ்வளவுதான்" என்று நாம் கடந்துபோகும் மாற்றம் அது.

பருத்த உடலும் நம்மை ஏமாற்றக்கூடும். மேலே கொழுப்பு இருக்க, உள்ளே தசை குறைந்து கொண்டிருக்கலாம். மருத்துவமனைகளில் இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் கண்ணிக்கு நேரே எடுத்த சி.டி. படத்தைக் கொண்டு தசையை அளக்கின்றனர். அவ்வாறு அளந்தபோது, தசை குறைந்தவரிடம் புற்றுநோய் மருந்துகளின் நச்சுவிளைவு மிகுதியாகக் காணப்பட்டது. மருந்தின் அளவு பெரும்பாலும் உடற்பரப்பைக் கணக்கிட்டே வகுக்கப்படுகின்றது. தசை குறைந்த உடலுக்கு அவ்வளவு மிஞ்சிவிடுகின்றது. விளைவு, மருந்தைக் குறைக்க நேர்கின்றது, அல்லது தள்ளிப்போட நேர்கின்றது. ஆகவே தசை என்பது தோற்றத்தைப் பற்றிய செய்தியன்று. சிகிச்சை முடியுமா, இடையிலே நிற்குமா என்பதைப் பற்றிய செய்தியாகும்.

தேய்வு வரும் இரு வழிகள்

முதல் வழி நோயே. கட்டியும், அதனை எதிர்க்கும் உடலும் வெளிவிடும் சில பொருள்கள் தசையைச் சிதைக்கும் கட்டளைகளாக அமைகின்றன. 'கேக்கெக்டின்' என்று மெலிவின் பெயராலேயே அழைக்கப்பட்ட ஒரு பொருளும், கட்டிகளை அழிப்பது என முன்னர்க் கருதப்பட்ட வேறொரு பொருளும் ஒன்றே என 1985ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இக்கட்டளைகள் தசைக்குள் எட்டியதும், அங்குள்ள புரதங்களுக்கு 'யுபிகுட்டின்' என்னும் சிறு புரதம் முத்திரையிடப்படுகின்றது. முத்திரை பெற்ற புரதம் உயிரணுவினுள் உள்ள அரவைப் பொறியொன்றில் சிதைக்கப்படுகின்றது. இம்முத்திரை முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 'ஜி.டி.எஃப்.-15' என்னும் மற்றொரு பொருள் மூளையின் அடிப்பகுதியைத் தூண்டிப் பசியைக் கெடுக்கின்றது. "சோற்றைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது" என நோயாளர் கூறுவது மனத்தின் பிடிவாதமன்று என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாம் வழி இயக்கமின்மை. தசை, தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பவே தன்னைப் பேணிக்கொள்ளும் தன்மையது. 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயேதும் இல்லாத முதியோர் சிலர் 10 நாட்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அந்த 10 நாட்களில் அவர்கள் தம் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசைப்பொருளை இழந்தனர். உணவு குறையாது கிடைத்தது; நோயும் இல்லை; படுத்திருந்தது ஒன்றே காரணம். நோயற்றவருக்கே இஃதாயின், நோயினால் முன்னரே தேய்ந்து கொண்டிருப்பவருக்குக் கட்டில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டு வழிகளுள் முதலாவதை அடைப்பது மருத்துவரின் பணி. இரண்டாவதை அடைப்பது வீட்டாரின் கையிலும், அவர்களுக்கு வழிகாட்டும் நம் கையிலும் உள்ளது.

பயிற்சியால் ஆவதும் ஆகாததும்

பயிற்சியினால் எஞ்சிய வலிமையும் போய்விடும் என்னும் அச்சம் பழமையானது. அதனைச் சோதித்த ஆய்வுகள் பல. 2007ஆம் ஆண்டில் கனடாவில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெற்றுவந்த 242 பெண்களிடையே நடந்த ஆய்வில், எடை தூக்கிப் பயின்றோர் தசையைப் பெருக்கிக்கொண்டதோடு, திட்டமிட்ட மருந்தின் பெரும்பங்கையும் பெற்று முடித்தனர். மார்பக அறுவைக்குப்பின் கை வீங்கியவர்கள் எடை தூக்கலாகாது என்பது நெடுநாள் விதியாக இருந்தது. 2009ஆம் ஆண்டில் அத்தகைய 141 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, சிறிது சிறிதாகக் கூட்டிய எடைப்பயிற்சியால் வீக்கம் மிகவில்லை என்றும், வலிமை கூடியது என்றும் காட்டிற்று. நம் நாட்டிலேயே, கர்நாடகத்தில் கதிர்வீச்சும் மருந்தும் ஒருங்கே பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 148 பேரிடையே நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. நடையும் எளிய பயிற்சிகளும் மேற்கொண்டோரின் நடைத்திறன் மற்றவரினும் மேலாக இருந்தது.

2025ஆம் ஆண்டில் வெளியான பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு இன்னும் குறிப்பிடத்தக்கது. அறுவையும் மருந்தும் முடிந்த 889 பேரில் ஒரு பாதியினர் மூன்றாண்டுகள் முறைப்படி பயிற்சி செய்தனர். மறுபாதியினருக்கு நலவாழ்வு குறித்த நூல்கள் மட்டும் தரப்பட்டன. எட்டாண்டு எல்லையில் உயிர்வாழ்வோர் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90.3 எனவும், மற்றக் குழுவில் 83.2 எனவும் கணிக்கப்பட்டது. ஒரு புதிய மருந்து இத்தகைய பயனைத் தந்திருந்தால் நாடெங்கும் அதைப்பற்றியே பேச்சாயிருக்கும்.

ஆனால் இவ்வெண்களைக் கொண்டு மிகைபடப் பேசுவது தவறு. மேற்கூறிய ஆய்வுகளில் பங்குகொண்டோர் முற்றிய நோய்மெலிவு உடையோர் அல்லர். மெலிந்துவிட்டவர்களுக்குப் பயிற்சி எவ்வளவு உதவும் என்று 2021ஆம் ஆண்டில் ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வுக்குக் கிடைத்தவை நான்கே சிற்றாய்வுகள். அவற்றைக்கொண்டு முடிவு கூற இயலாது என்றே அது எழுதிற்று. பயிற்சி, சத்துணவு, அழற்சி தணிக்கும் மருந்து மூன்றையும் சேர்த்து நுரையீரல், கணையப் புற்றுநோயாளருக்குத் தந்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. எடை குறைவது நின்றது. ஆயின் தசையளவிலும் அன்றாட நடையிலும் வேறுபாடு காணப்படவில்லை. மருந்துகளிலும் முயற்சி நடைபெறுகின்றது. பசியைத் தூண்டும் அனமோரெலின் 2021இல் ஜப்பானில் இசைவு பெற்றது. ஜி.டி.எஃப்.-15ஐ அடக்கும் மருந்தொன்று 2024இல் வெளியான ஆய்வில் எடையைக் கூட்டியது. இவை நம்பிக்கை தருவன. ஆனால் நம் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தவை அல்ல.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கின் ஒரு முடிவு புலனாகின்றது. கரைந்த தசையை மீட்பது கடினம். இருக்கும் தசையைக் காப்பது இயலும். காலம் தவறிய பயிற்சியினும், காலத்தே தொடங்கிய சிறு பயிற்சி மேலானது. ஆகையால் நோய் உறுதியான வாரத்திலேயே, முதல் மருந்து ஏறுமுன்பே, நாம் பேசத் தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, எடை பார்த்தல். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, அதே தராசில், ஏறத்தாழ அதே உடையில் எடையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தாய்மாரை நிறுக்கும் தராசு அங்கன்வாடிகளுக்கு வழங்கப்பட்டுள்ளது; அதனை இதற்கும் பயன்படுத்திக்கொள்வதில் தடையேதும் இருக்கலாகாது. கால்வீக்கமோ வயிற்றில் நீரோ உள்ளவரிடம் எடை உண்மையை மறைக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது, ஐந்து வினாக்கள். நாலைந்து கிலோ பாரம் தூக்க இயலுகின்றதா? அறைக்குள் துணையின்றி நடக்க இயலுகின்றதா? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ இயலுகின்றதா? பத்துப் படிகள் ஏற இயலுகின்றதா? அண்மையில் விழுந்ததுண்டா? இவை பல நாடுகளில் மருத்துவர் கையாளும் வினாக்களே. சென்ற மாதம் கையூன்றாமல் எழுந்தவர் இம்மாதம் ஊன்றி எழுந்தால், தராசு சொல்லாததை நாற்காலி சொல்லிவிட்டது எனலாம்.

மூன்றாவது, இயக்கம். வல்லுநர் பரிந்துரைக்கும் அளவு, வாரத்தில் மூன்று நாட்கள் அரைமணி நேர நடையும், இரண்டு நாட்கள் தசைப்பயிற்சியும் ஆகும். இதனைத் தொடக்கத்திலேயே எட்ட வேண்டுவதில்லை. ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்து, இளைப்பாறி, மீண்டும் நடக்கலாம். நேரான மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப்போட்டு, அதில் அமர்ந்து எழுவது கால்களுக்கு நல்ல பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது மார்புக்கும் தோளுக்கும் ஆகும். ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டி ஒரு கிலோ எடை. அதனை மெல்லத் தூக்கி இறக்கலாம். பயிற்சியின்போது பேச முடியும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக, அவர் செய்யக்கூடிய வீட்டு வேலையை அவரிடமே விட்டுவைப்பது நன்று. காய்கறி நறுக்குவதும், துணி மடிப்பதும், செடிக்குத் தண்ணீர் விடுவதும் தசைக்கு மட்டுமன்றி மதிப்புக்கும் மருந்து.

நான்காவது, உணவு. கல்லும் மண்ணுமின்றிக் கொத்தன் சுவரெழுப்ப இயலாதவாறே, புரதமின்றிப் பயிற்சியால் தசை வளராது. புற்றுநோயாளருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை, நாள்தோறும் புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய உணவியல் கழகத்தின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 200 மில்லி பாலில் அதே அளவும், 30 கிராம் பருப்பிலோ வேர்க்கடலையிலோ ஏறத்தாழ 7 கிராமும் உண்டு. பத்தியம் என்ற பெயரால் முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை விலக்கிக் கஞ்சித் தண்ணீரை மட்டும் கொடுப்பது தசையைப் பட்டினி போடுவதாகும். வாய்ப்புண் உள்ளவருக்குக் காரமும் புளிப்பும் நீக்கி, குழைத்து, சிறிது சிறிதாகப் பல முறை தரலாம். சிறுநீரக நோயும் உடையவருக்கு மருத்துவர் கூறும் அளவே அளவு.

எங்கே நிறுத்த வேண்டும்?

காய்ச்சல், மார்பு வலி, படுத்திருக்கையிலும் மூச்சுத் திணறல், தலைசுற்றல், இரத்தக் கசிவு, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவை காணின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரத்தச் சோகை கடுமையாக உள்ளவரும், இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவரும், எலும்பில் நோய் பரவியவரும், அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவரும் மருத்துவரின் இசைவு பெற்றே பாரம் தூக்கலாம். முதுகில் புதிதாக வலி தோன்றிக் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் தாமதமும் கால்களை நிலையாக முடக்கிவிடக் கூடும்.

வாழ்வின் இறுதி வாரங்களில் உள்ளவரின் நிலை வேறு. உடல் இனி எதையும் ஏற்காத அந்நிலையில், நடக்கவும் உண்ணவும் வற்புறுத்துவது கொடுமையாகும். அங்கே வலி தணிப்பதும், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், அருகில் இருப்பதுமே பணி. மேலும், எந்நிலையிலும் "நீங்கள் பயிற்சி செய்யாததால் மெலிந்துவிட்டீர்கள்" என்ற சொல் நம் வாயினின்று வரலாகாது. நோய் செய்த தேய்வுக்கு நோயாளர் குற்றவாளி அல்லர்.

ஆசிரியரும் ஆட்சியினரும்

மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்று ஊரார் வருவது ஆசிரியரிடமே. உடற்கல்வி ஆசிரியருக்கோ எந்தப் பயிற்சி எந்தத் தசையை இயக்கும் என்பது கைவந்த அறிவு. தாயோ தந்தையோ புற்றுநோயுற்ற மாணவனிடம், "மாலையில் அவரோடு தெருக்கோடி வரை நடந்து வா" என்று கூறும் ஒரு சொல், அப்பிள்ளைக்கும் தான் ஏதோ செய்வதாக ஓர் ஆறுதலைத் தரும். இந்நோய் தொட்டால் ஒட்டிக்கொள்வதன்று என்பதையும் அங்கேயே தெளிவாக்கிவிடலாம்.

அண்டை வீட்டாரால் இத்தகைய பணி ஆகுமா என்று ஐயுறுவோர் கேரளத்தை நோக்குக. 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்பு இயக்கம், தன்னார்வலரை வீடுதோறும் அனுப்பிப் பரவிற்று. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. வலியைத் தணிக்க வீடு தேடிச் சென்றவர்கள், வலிமையைக் காக்கவும் செல்லக்கூடும்.

ஆட்சிப் பொறுப்பில் உள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முப்பது வயதைக் கடந்தோரிடம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத் தேடிக் கண்டறியும் பணியைக் களப்பணியாளரிடம் ஒப்படைத்துள்ளோம். கண்டறிந்தபின் அவர் வீடு திரும்பும் நாளிலிருந்து என்ன செய்வது என்பதற்கும் அதே அளவு கருத்துச் செலுத்த வேண்டும். மருத்துவமனை தரும் சீட்டில் மாத்திரைகளின் பெயருக்குக் கீழே, நோயாளரின் எடை, அவர் செய்யத்தக்க இயக்கம், செய்யத்தகாதது, அடுத்து எடை பார்க்கும் நாள் ஆகிய நான்கையும் அவர்தம் மொழியில் எழுதித் தருவது கட்டாயமாக வேண்டும். இயன்முறை மருத்துவர் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. ஆதலின் வட்டாரத்துக்கு ஒருவரேனும் தொலைபேசி வழியாகக் களப்பணியாளருக்கு யோசனை கூறும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

அடுத்தமுறை புற்றுநோயாளர் ஒருவரின் வீட்டுக்குச் செல்லும்போது, மாத்திரை உண்டாரா என்று கேட்பதோடு, "இன்று எவ்வளவு நடந்தீர்கள்?" என்றும் கேளுங்கள். அவர் எழுந்து நின்று காட்டட்டும். அந்த எண்ணிக்கையைத் தேதியோடு குறித்துக்கொண்டு, இரு வாரம் கழித்து மீண்டும் சென்று பாருங்கள்.